மறு: ஹைட்ரோநெப்ரோசிஸ்: வீக்கமா, விரிவா?

> ‘சிறுநீரக வீக்கம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். மக்களுக்குப் புரியும்.

ஐயா, ஹைட்ரோநெப்ரோசிஸுக்குத் தமிழ்ச்சொல் தேடும்போது இப்படிப் புரிவதுதான் சிக்கல். வீக்கம் என்றால் அடிபட்டது, சீழ் வைத்தது என்றே பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே சதை வீங்குவதில்லை. சிறுநீர் சரியாக இறங்காமல், சிறுநீரகத்துக்குள் அது சேரும் கூடம் (பெல்விஸ்) விரிகிறது. வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் “கிட்னியில் நீர் கோத்திருக்கு” என்பார்கள். அகராதிக்காரர்களைவிட அவர்கள் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் அறுவைக்குப் பிறகு அந்தச் சொல்லும் கைவிட்டுவிடுகிறது. குழந்தைகளுக்கு அடிக்கடி வருவது, கூடமும், அங்கிருந்து சிறுநீரைப் பைக்குக் கொண்டுபோகும் நாளமும் (யூரெட்டர்) சேரும் இடத்தில் ஏற்படும் குறுக்கம். கருவிலேயே ஸ்கேனில் தெரியும் விரிவுகளில் பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும். மற்றவர்களில் தேவைப்படுவோருக்குக் குறுகிய பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, நாளத்தைக் கூடத்தோடு அகலமாகத் தைப்பார்கள். ஆண்டர்சனும் ஹைன்சும் 1949இல் விவரித்த முறை இது. இப்போது லேப்ராஸ்கோப்பியிலும் இதையே செய்கிறார்கள். 100 குழந்தைகளில் 90க்கு மேல் நல்ல பலன்.

அந்தப் ‘பலன்’ எது என்பதில்தான் குழப்பம். அடைப்பு நீங்கினாலும் கூடம் உடனே சுருங்காது. மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். முழுக்கச் சுருங்காமலே நலமாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. அறுவை முடிந்த மூன்றாம் மாத ஸ்கேன் தாளில் மறுபடி ‘வீக்கம்’ என்று எழுதிக் கொடுத்தால், “ஆபரேஷன் வீணா?” என்று அம்மா அழாமல் என்ன செய்வார்? முக்கியம் வடிதல். ஐசோடோப் ஸ்கேனில் (சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்திப் படமெடுப்பது) மருந்து பாதி வடிய 10 நிமிடத்துக்குள் என்றால் நல்லது. 20ஐத் தாண்டினால் அடைப்பு இருக்கிறதோ என்று பார்ப்பார்கள். விரிந்த கூடத்தில் அந்த நேரமும் ஏமாற்றும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. அடுத்தது, இரண்டு சிறுநீரகங்களும் வேலையை எப்படிப் பங்கிடுகின்றன என்பது. இருக்கும் பங்கைக் காப்பதே அறுவையின் முதல் நோக்கம். 25 சதவீதம் 50 ஆகிவிடும் என்று யாரும் ஆசை காட்டக் கூடாது.

எனவே என் பரிந்துரை: பொதுச்சொல் ‘விரிவு’. அடைப்பால் வந்தால் ‘அடைப்பு விரிவு’. அறுவைக்குப் பின் வடிதல் சீராகியும் நீடித்தால் ‘எஞ்சிய விரிவு’. அதே நோய் திரும்பியதாக யாரும் படிக்க மாட்டார்கள்.

> ரிஃப்ளக்ஸுக்கு ‘எதுக்களிப்பு’?

அது நெஞ்செரிச்சலுக்குப் போய்விட்டதே. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் நாளத்துக்குள் மேலே திரும்புவதை ‘பின்னேற்றம்’ எனலாம். எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். இதன் ஐந்து நிலைகளில் கீழ்நிலைகள் வளர வளர மறைவது வழக்கம். மேல்நிலைகளில், காய்ச்சலும் தொற்றும் திரும்பத் திரும்ப வந்தால், நாளத்தைப் பையில் மறுபடி பதிப்பார்கள்.

> பெல்விஸ்: ‘சிறுநீரக இடுப்பு’

வேண்டவே வேண்டாம்! இடுப்பெலும்பில் ஆபரேஷன் என்று நினைப்பார்கள். ‘கூடம்’ போதும். யூரெட்டருக்கு ‘சிறுநீர்க்குழாய்’ என்றால் வெளியே வரும் வழியோடும், ஆஸ்பத்திரியில் போடும் டியூபோடும் குழம்பும், ‘சிறுநீர்நாளம்’ சரி.

சிகிச்சை எப்படி முடிந்தது என்பதைச் சொல்லும் ‘அவுட்கம்’ இன்னும் பாக்கி. ‘விளைவு’ என்றாலே பக்கவிளைவு நினைவுக்கு வருகிறது. ‘பலன்’ என்று எழுத யாருக்காவது மறுப்பு உண்டா?