அம்மாவின் பழக் கேக்கை மீட்க உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அக்காவின் பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் அம்மா செய்த பழக் கேக்கைச் சரியாகச் செய்துவிட வேண்டும்.

செய்முறை எளிது. ஒரு டின் அன்னாசித் துண்டுகளைச் சாறோடு தட்டில் கொட்டி, மேலே செர்ரிப் பழக்கூழைப் பரப்ப வேண்டும். பிறகு ஒரு பெட்டி கேக் மிக்ஸை உலர் மாவாகவே தூவி, வெண்ணெயை மெல்லிய வில்லைகளாக அடுக்கி, 175 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 50 நிமிடம் வேகவிட வேண்டும். கிளறவே கூடாது. வெண்ணெய் அடுக்கும் வேலையை அம்மா எப்போதும் எங்கள் இருவரிடமும் விட்டுவிடுவார். மூலைத் துண்டு யாருக்கு என்று அடுப்பு சூடாகும் முன்பே சண்டை தொடங்கிவிடும்!

அம்மாவின் நோட்டில் பெட்டியின் எடை 517 கிராம் என்று இருக்கிறது. நான் வாங்கியது 432 கிராம். இரண்டு முறை செய்துவிட்டேன். மேல்பகுதி மெலிந்து, சாறு பொங்கி வழிந்தது. ஓரங்களில் வெண்ணெய் படாத மாவு வெள்ளைத் திட்டுகளாக அப்படியே நின்றது.

குறையும் 85 கிராமுக்கு இன்னொரு பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்ப்பதா, மைதாவும் சர்க்கரையும் கலந்தால் போதுமா? அல்லது சாற்றைக் குறைப்பதா? வெண்ணெயை உருக்கி ஊற்றியவர்கள் உண்டா? எனக்கு வில்லைகள்தான் வேண்டும், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். செய்து பார்த்தவர்கள் அளவோடு எழுதினால் இந்த வாரமே முயன்று பார்ப்பேன்.