பழைய புடவையில் தைத்த இருக்கை மூன்றே நாளில் தட்டையாகிவிட்டது: எங்கே தவறு?

மாடிவீட்டு அம்மா:

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கைபேசியிலிருந்து பிரிக்க ஒரு வேலை வேண்டும் என்று நான்தான் ஆரம்பித்தேன். சன்னலோரம் உட்கார்ந்து படிக்க வட்டமாக, மெத்தென்று ஓர் இருக்கை. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது, வீட்டில் கிடப்பதை வைத்தே செய்ய வேண்டும் என்பது மூத்தவன் போட்ட நிபந்தனை. அவன் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். சின்னவளுக்கு ஆறு வயது.

என் அம்மாவின் பழைய நூல் புடவையில் 50 செ.மீ. விட்டத்தில் இரண்டு வட்டங்கள் வெட்டினோம். சுற்றுச் சுவருக்கு 25 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளத்தில் ஒரு துண்டு. தையல் இயந்திரம் கிடையாது, கையால் ஓட்டுத் தையல்தான். இரண்டு பழைய தலையணைகளைப் பிரித்து அதிலிருந்த இலவம்பஞ்சை அடைத்தோம். ஒன்றரைக் கிலோ இருக்கும்.

முதல் நாள் பணியாரம் போல உப்பி நின்றது. மூன்றாம் நாள் ஊத்தப்பம். உட்கார்ந்தால் பஞ்சு ஓரத்துக்கு ஓடிவிடுகிறது, நடுவில் தரை இடிக்கிறது. துணி வழியாகப் பஞ்சு கசிந்து வீடெல்லாம் பறக்கிறது, சின்னவள் தும்முகிறாள். போதாக்குறைக்குச் சுவர்த் துண்டு சுற்றி வந்தபோது ஏறக்குறைய 3 செ.மீ. குறைந்தது. ஒட்டுப் போட்டுத் தைத்தோம், அந்த இடமே இப்போது பிய்ந்துவிட்டது. விட்டத்தை மூன்றால் பெருக்கியது என் மகன்தான். அவன் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

பஞ்சை எடுத்துவிட்டுத் தெர்மாகோல் உருண்டைகளைப் போடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?

சும்மா வந்தவன்:

இலவு காத்த கிளிக்காவது காய் வெடிக்கும்வரை நம்பிக்கை இருந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று நாள்தான் கிடைத்திருக்கிறது. உதவி எதுவும் தெரியாது, மன்னிக்கவும். முடிவு என்ன ஆகிறது என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

போடிப் பஞ்சுக்கடை:

அக்கா, பஞ்சின் மேல் பழி போடாதீர்கள். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்றடைத்த குழாய். மேலே மெழுகுப் பூச்சு உண்டு. அதனால்தான் நூலாக நூற்க எளிதில் வராது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல் வழுக்கும். தண்ணீர் ஏறாமல் மிதக்கும் என்பதால் ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் இதைத்தான் அடைத்தார்கள். மிதப்பதற்கு நல்லது. ஆனால் சுற்றிலும் கட்டு இல்லாமல் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் ஓடத்தான் செய்யும்.

நீங்கள் சொன்ன அளவுக்குக் கிட்டத்தட்ட 50 லிட்டர் இடம் வருகிறது. அதில் ஒன்றரைக் கிலோ பழம்பஞ்சு என்பது தொளதொளப்பு. நான் அடைத்தால் மூன்று கிலோ போட்டிருப்பேன். மெத்தையில் ஏன் ஆங்காங்கே மேலிருந்து கீழாக நூல் விட்டு இழுத்து முடிச்சுப் போடுகிறோம்? பஞ்சு நடமாடாமல் இருக்கத்தான்.

கசிவுக்குக் காரணம் புடவை. பல ஆண்டு துவைத்துத் துவைத்து நெசவு தளர்ந்திருக்கும். உள்ளே நெருக்கமான காடாத் துணியில் ஒரு பை தைத்துப் பஞ்சை அதில் அடையுங்கள், புடவை மேலுறையாக மட்டும் இருக்கட்டும். பஞ்சு மாற்றும்போது மின்விசிறியை நிறுத்துங்கள், மூக்கில் துணி கட்டுங்கள். அடைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க வெயிலில் போடுங்கள், துவைக்காதீர்கள். விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் இந்த இருக்கை வேண்டவே வேண்டாம். இலவம்பஞ்சு நொடியில் பற்றிக்கொள்ளும்.

சின்னவளுக்கு வீசிங் உண்டா? இருந்தால் பழைய பஞ்சை மறந்துவிடுங்கள். துணி வெட்டல்களை அடைப்பதே மேல்.

பாட்டில் சேர்ப்பவன்:

மூடியுள்ள இரண்டு லிட்டர் பாட்டில்கள் ஏழு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, இடைவெளி இல்லாமல் பொருந்தும். காலியாகவே மூடியை இறுக்கி, ஒட்டுநாடாவால் மூன்று இடத்தில் வரிந்து கட்டி, மேலே அட்டையும் பழைய போர்வையும் சுற்றினால் முக்காலி தயார். என் எடைக்கே தாங்குகிறது.

மாடிவீட்டு அம்மா:

நன்றி தம்பி. சின்னவளுக்கு வீசிங் இல்லை, தும்மல் மட்டும்தான். பாட்டில் யோசனை நல்லது, ஆனால் சாய்ந்து சுருண்டு படிக்கிற மாதிரி வேண்டும் என்கிறார்கள். முக்காலி அதற்கு ஆகாதே.

ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை:

முதலில் உன் மகனிடம் சொல் அம்மா, அவன் கணக்கில் முக்கால்வாசி சரி. வட்டத்தின் ஓரத்தை அளக்கக் கூடாது, தையல் ஓடுகிற கோட்டை அளக்க வேண்டும். 50 செ.மீ. வட்டத்தில் சுற்றிலும் 1 செ.மீ. தையலுக்கு விட்டால் தையல் கோட்டின் விட்டம் 48. அதை 22/7 ஆல் பெருக்கினால் 151. துண்டின் இரு முனைகளையும் இணைக்க 2 செ.மீ. சேர்த்தால் 153. அந்த மூன்று செ.மீ. எங்கே போனது என்று அவனே கண்டுபிடிக்கட்டும். 38 ஆண்டுகள் வகுப்பில் நான் பார்த்த தவறுகளில் பாதி இந்த வகைதான்.

ஓட்டுத் தையல் ஊசி முன்னே போகும், திரும்பி வராது. ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகக் கழன்றுவிடும். ஒவ்வொரு தையலுக்கும் பாதி தூரம் பின்னால் வந்து குத்துகிற பின் தையல் போடு, இரண்டு வரிசையாக.

இனி வடிவம். நீ செய்தது பை. இருக்கைக்கு வேண்டியது பிரிமணை. பானை உருளாமல் நிற்க அடியில் வைப்போமே, அதேதான். குடம் சுமப்பவர்கள் தலையில் வைக்கிற சும்மாடும் அந்த வேலையைத்தான் செய்கிறது. வெளியே கெட்டியான வளையம் இருந்தால் நடுவில் உள்ளது எங்கும் ஓட முடியாது.

ஆறு பழைய நூல் புடவைகளை எடு. இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று புரி. அவற்றை ஜடை பின்னுவதுபோல இறுக்கிப் பின்னி, அந்தப் பின்னலை வளையமாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கோணி ஊசியால் சணல் நூல் கோத்துத் தை. நடுக் குழியில் பஞ்சுப் பையை இறக்கு. உன்னிடம் இருக்கிற ஒன்றரைக் கிலோவே போதும். குழி சின்னது, அதனால் அதே பஞ்சு இறுகி நிற்கும்.

பட்டுப் புடவை வேண்டாம். பழம்பட்டு மடிப்பில் கிழியும், சரிகை குத்தும். கோணி ஊசியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதே, பின்னல் வேலை முழுவதும் அவர்களுடையதாக இருக்கட்டும்.

போடிப் பஞ்சுக்கடை:

டீச்சர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. தெர்மாகோல் கேள்விக்கு மட்டும்: வேண்டாம் அக்கா. 1968இல் இத்தாலியில் வந்த சாக்கோ என்ற நாற்காலிதான் பிரபலமாகி, அதைப் பார்த்து உலகமெங்கும் உருண்டை அடைத்த பைகள் வந்தன. பின்னர் அமெரிக்காவில் குழந்தைகள் ஜிப்பைத் திறந்து உருண்டைகளை மூச்சில் இழுத்து இறந்த சம்பவங்கள் நடந்தன. கடைப் பைகளிலேயே அந்த ஆபத்து என்றால் கைத்தையலில் எப்படி? ஒரு தையல் விட்டால் வீடு முழுக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பெருக்கவும் வராது.

மாடிவீட்டு அம்மா:

பத்து நாள் கழித்து வருகிறேன். புடவைகளின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டினோம். ஆளுக்கொரு புரியைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் தாண்டித் தாண்டி நடந்தோம். மூன்றாவது ஆளாக மாமியாரும் சேர்ந்தார், கோலாட்டம் மறந்துபோகவில்லை என்றார். முதல் முறை தளரப் பின்னிவிட்டோம். சுற்றிப் பார்த்தபோது கொழகொழவென்று சரிந்தது. அவிழ்த்து மறுபடி பின்னினோம். ஐந்தரை மீட்டர் புடவை பின்னி முடித்தபோது நான்கு மீட்டருக்குள் அடங்கியது. மகன் அதை மட்டும் மூன்று தடவை அளந்தான்.

மூன்று சுற்று வந்தது. உயரம் 25 செ.மீ. எட்டவில்லை, 22தான். பஞ்சுப் பையைச் சின்னவள் ஏறி மிதித்து இறக்கினாள், அவளுக்குப் பிடித்த வேலை அதுதான். மேலே மடித்த பழைய துண்டு ஒன்று வைத்து, உறையை 153 செ.மீ. கணக்கில் புதிதாகத் தைத்தோம். முனைகள் பிசகாமல் சேர்ந்தன. மகன் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் அளவுநாடாவை அன்றைக்கு முழுக்கக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தான்.

இன்று ஆறாவது நாள். நடுவில் ஒரு விரற்கடைதான் இறங்கியிருக்கிறது. தும்மலும் நின்றுவிட்டது.

இரண்டு குறை. சணலும் காடாவும் வாங்கியதில் நிபந்தனை மீறப்பட்டதாக வழக்கு நடக்கிறது. இருக்கையோ பாறாங்கல் கனம், சின்னவளால் தூக்க முடியாமல் டயர் மாதிரி உருட்டிக்கொண்டு போகிறாள். அதில் நேற்றே உறையில் சாம்பார். முழுவதும் தைத்து மூடிவிட்டேனே, எப்படித் துவைப்பது?

ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை:

அடிப்பக்க வட்டத்தின் தையலை முக்கால் சுற்றுப் பிரி. பிரித்த ஓரங்களை மடித்துத் தைத்து, சாண் இடைவெளியில் நாடா வைத்து முடிச்சுப் போடு, தலையணை உறைக்குப் போடுவதுபோல. ஜிப் வேண்டாம். நாடா முடியச் சின்னவளுக்குக் கற்றுக்கொடு.

பாட்டில் சேர்ப்பவன்:

கனமாக இருக்கிறது என்கிறீர்கள். என் முக்காலி அரைக் கிலோகூட இல்லை. சும்மா சொன்னேன்.