திருச்சியிலிருந்து விமானத்தில் காய்கறி, கீரை இறக்குவது: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

தேக்கா_காய்கடை:
வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் சின்னக் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். மணப்பாறையில் இருக்கும் என் தம்பி முருங்கைக்காய், வாழைப்பூ, முருங்கைக்கீரை, வெண்டைக்காய் எல்லாம் திருச்சியிலிருந்து ஏற்றிவிடுகிறேன் என்கிறான். தெரிந்த இறக்குமதியாளர் வழியாக மாதிரிக்குக் கொஞ்சம் வரவழைத்தோம். கீரை பாதி உதிர்ந்துவிட்டது, வெண்டைக்காயெல்லாம் கறுப்புப் புள்ளி. எங்கே கெடுகிறது? நானே சொந்தமாக இறக்க என்னென்ன வேண்டும்?

சரக்கு_சேகர்:
அக்கா, சாங்கி விமான நிலைய கார்கோவில் காய்கறிச் சரக்குதான் எனக்குப் பல வருட வேலை. காகித வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்துக்கு யூஇஎன் என்ற பதிவு எண், சுங்கத்துறையில் கணக்கு, சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் காய்கறி இறக்குமதி உரிமம், ஒவ்வொரு சரக்குக்கும் டிரேட்நெட் என்ற இணையச் சேவை வழியாக பெர்மிட். சரக்கு விலையோடு விமானக் கூலி, காப்பீடு சேர்த்து 9 விழுக்காடு ஜிஎஸ்டி. பெட்டிமேல் விளைவித்தவர் பெயர், முகவரி, என்ன காய், அனுப்பிய தேதி இருக்கவேண்டும். பூச்சிமருந்து விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். எந்தத் தோட்டம், கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று தம்பியை எழுதிவைக்கச் சொல்லுங்கள். இங்கே மாதிரி எடுத்துப் பார்த்து வரம்பு மீறியிருந்தால் அந்தச் சரக்கு கடைக்கு வராது.

கெடுவது பெரும்பாலும் ஏற்றுவதற்கு முன்னால்தான். பறக்கும் நேரம் சுமார் நாலு மணிதான். பறித்த பிறகும் கீரை மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், அதில் சூடு கிளம்பும். மத்தியான வெயிலில் பறித்து அப்படியே அமுக்கிக் கட்டினால் பெட்டிக்குள்ளேயே வெந்துபோகும். பெட்டி வந்ததும் கட்டின் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுவென்று இருந்தால் அந்தக் கீரை தேறாது. விடியுமுன் பறித்து, குளிர் அறையில் சூட்டை இறக்கிவிட்டு, அப்புறம்தான் கட்டவேண்டும்.

வெண்டைக்காய்க்கு நடந்தது இதற்கு நேர்மாறு, குளிர் கூடிப்போயிருக்கும். 7 டிகிரிக்குக் கீழே வைத்தால் குழி விழுந்து கறுக்கும். வாழைக்காய்க்கு 13 டிகிரிக்குக் கீழே ஆகாது. கீரைக்கோ 0 முதல் 2 டிகிரிதான் நல்லது. எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைத்தால் ஏதாவது ஒன்று கெட்டே தீரும். பழுத்த வாழைப்பழம், மாம்பழம் பக்கத்தில் கீரையை வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பட்டால் இலை உதிரும்.

ஜொகூர்_லாரி:
கீரைக்கு எதற்கு அக்கா விமானம்? மலேசியாவின் ஜொகூர் சரக்கு ராத்திரியே பாலம் தாண்டி பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு வந்துவிடுகிறது. காலையில் உங்கள் கடையில் இருக்கும்.

சரக்கு_சேகர்:
அண்ணன் சொல்வது சரி. கூலிக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. 60க்கு 40க்கு 30 சென்டிமீட்டர் பெட்டியை, அது அடைக்கும் இடத்தை வைத்து, விமானத்தில் 12 கிலோவாகக் கணக்கிடுவார்கள். உள்ளே 6 கிலோ கீரை இருந்தாலும் 12 கிலோவுக்குக் காசு கட்டவேண்டும். முருங்கைக்காயும் வாழைப்பூவும் கனமான சரக்கு, அதற்குக் கட்டுப்படியாகும்.

ஆனால் ஒரே நாட்டை நம்பிக் கடை நடத்தாதீர்கள். 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும் இங்கே கோழிக்கடைக்காரர்கள் பட்ட பாடு எனக்கு மறக்காது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காயத்தை நிறுத்தியது, அடுத்த மே மாதம்தான் திறந்துவிட்டது. வேலையாட்களை வைத்துக்கொண்டு சரக்கில்லாமல் உட்கார்ந்திருப்பது கொடுமை அக்கா. இரண்டு பக்கமும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கா_காய்கடை:
ரொம்ப நன்றி தம்பி. கீரையை ஜொகூரிலேயே எடுத்துக்கொள்கிறேன். குளிர் அறை இருக்கிறது என்று திருச்சி ஏஜெண்ட் சத்தியம் செய்கிறார். எப்படி நம்புவது?

சரக்கு_சேகர்:
பெட்டிக்குள் ஒரு டெம்பரேச்சர் லாகர், அதாவது வெப்பநிலையைப் பதிவுசெய்யும் சின்னக் கருவி, போட்டு அனுப்பச் சொல்லுங்கள். விலை அதிகமில்லை. எந்த மணிக்கு எத்தனை டிகிரி இருந்தது என்று அதிலேயே தெரியும். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு அவரிடம் பேசுங்கள்.