மச்சடோடார்ப் கல்வட்டங்கள் சிவன் கோயிலா?

சாட்ஸ்வொர்த்காரன்:
சென்ற மாதம் குடும்பத்தோடு இங்கே தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவுக்குப் போனோம். கரோலினா தாண்டி மச்சடோடார்ப் பக்கம் மேய்ச்சல் மலை ஒன்றில் ஏறிப் பார்த்தோம். சாந்து பூசாத கற்சுவர்கள், என் இடுப்பு உயரம். இரு பக்கமும் பெரிய கல்லாக அடுக்கி, நடுவில் பொடிக்கல் போட்டு அடைத்திருக்கிறார்கள். வட்டத்துக்குள் வட்டம். கூட வந்த மாமா செருப்பைக் கழற்றிவிட்டார். "இது சிவன் கோயில். தங்கம் தேடி வந்த நம்மவர்கள் கட்டியது" என்று கற்பூரம் கொளுத்தப் போனார். சுற்றிலும் காய்ந்த புல்! நல்ல வேளை, காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. அவர் சொல்வதில் ஏதாவது உண்மை உண்டா? வீட்டில் இரண்டு வாரமாக இதே பேச்சுதான்.

வடைச்சட்டி:
மாமா இதைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. சிரில் ஹ்ரோம்னிக் என்ற வரலாற்றாளர் 1981-இலேயே இப்படி எழுதினார். தொல்லியலாளர்கள் ஏற்கவில்லை. என் தாத்தாவும் நம்பினார், பாவம்.

லைடன்பர்க் வாத்தியார்:
தம்பி, நீங்கள் பார்த்தது மாட்டுப் பட்டி. ஒரிக்ஸ்டாட்டிலிருந்து கரோலினா வரை சுமார் 150 கிலோமீட்டருக்கு இப்படிக் கிடக்கிறது. பொகோனி மக்களின் ஊர்கள். ஏறத்தாழ 1500 முதல் 1820கள் வரை இருந்தவர்கள். பிறகு போரும் சூறையாடலும் அவர்களைச் சிதறடித்தன. உள்வட்டத்தில் மாடு, அதைச் சுற்றி வீடு. அடுத்த முறை போனால் சரிவைப் பாருங்கள், படிப்படியாக வயல் தெரியும். பட்டிக்குப் போகும் பாதைக்கு இரு பக்கமும் சுவர் ஏன்? மாடு பயிரில் வாய் வைக்கக்கூடாது, அவ்வளவுதான். தஞ்சாவூர் விவசாயிக்குக் காட்டினால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

லைடன்பர்க் அருகே பூம்பிளாட்ஸில் பாறையிலேயே இதே வட்டங்களையும் பாதைகளையும் செதுக்கியிருக்கிறார்கள். தங்கள் வீட்டைத் தாங்களே வரைந்து வைத்தவர்களிடமிருந்து அதைப் பிடுங்கி நம் பெயரில் எழுதுவது எனக்கு உவப்பாக இல்லை. அந்த மக்கள் எங்கிருந்து வந்து கூடினார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. அதற்காக அந்த இடைவெளியில் சிவனைக் கொண்டுபோய் உட்கார வைக்கலாமா? 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்து இறங்கிய நம்மவர்களுக்கு ஆளுக்கொரு எண் போட்ட பதிவேடு இருக்கிறது. நம் வரலாறு வேண்டுமென்றால் மாமாவை அதைப் புரட்டச் சொல்லுங்கள்.

வடைச்சட்டி:
காப்ஸ்ஹூப் ஊர் அருகே ஒரு கல்வட்டத்தை 'ஆதாமின் நாள்காட்டி' என்கிறார்களே, 75,000 ஆண்டுப் பழமை என்று?

லைடன்பர்க் வாத்தியார்:
2003-இல் ஒரு விமானி கவனித்த கற்கள். அந்த வயதுக்குச் சான்று கிடையாது. டீ ஆறுகிறது, விடுங்கள்.

சாட்ஸ்வொர்த்காரன்:
நன்றி ஐயா. முழுவதையும் மாமாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மாட்டுப் பட்டியா? அப்படியானால் நந்தி இருந்திருக்கிறது" என்கிறார்.