டோங்கா குடும்பங்களிடம் ஆய்வு: கேள்வித்தாளோடு போனால் போதாதா?

நெய்தல்82:
நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பொதுச் சுகாதாரம் முதுகலை படிக்கிறேன். பசிபிக் தீவு நாடான டோங்காவைப் பூர்வீகமாகக் கொண்ட தெற்கு ஆக்லாந்து குடும்பங்களில் சர்க்கரை வியாதிக்காரர்கள் மருந்தையும் சாப்பாட்டையும் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. 24 கேள்வி, ரெக்கார்டர், ஒப்புதல் படிவம் எல்லாம் தயார் செய்துகொண்டு போன சனிக்கிழமை முதல் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அம்மா ஜெபம் செய்தார், சாப்பாடு போட்டார், எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று முக்கால் மணி நேரம் என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். நான் மணியைப் பார்த்தபடி இருந்தேன். கேள்வித்தாளை எடுத்ததும் "ஆமாம்", "டாக்டர் சொன்னபடிதான்", அவ்வளவுதான் பதில். வழிகாட்டி "தலனோவா என்ற ஆய்வு முறையைப் பற்றிப் படி" என்கிறார். இயல்பாகப் பேசுவது என்றுதான் எனக்குப் புரிகிறது. அப்படியானால் தாளை ஒளித்துவைத்துவிட்டு அரட்டை அடிப்பதுதான் ஆய்வு முறையா? இதை எப்படி எழுதுவது?

தாழை:
அந்த முக்கால் மணி நேரத்தில்தான் உங்கள் ஆய்வு தொடங்கியது, நீங்கள்தான் கவனிக்கவில்லை :) அவர் உங்களைப் பேட்டி எடுத்திருக்கிறார். யார் வீட்டுப் பெண், இவளிடம் எவ்வளவு சொல்லலாம் என்று பார்த்திருக்கிறார். டோங்கா மொழியில் தலா என்றால் சொல்வது, நோவா என்றால் குறிப்பாக எதுவும் இல்லாத வெறுமை. டோங்கா ஆய்வாளர் திமோதே வையோலேதி 2006இல் இதை ஆய்வு முறையாக வைத்து எழுதிய கட்டுரையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், அதைப் படியுங்கள். முன்கூட்டியே செய்த அச்சில் அவர்கள் பேச்சை ஊற்றாதே என்பதுதான் அதன் சாரம். அதற்காக அரட்டை இல்லை, என்ன தெரிந்துகொள்ள வந்தீர்கள் என்பதை வெளிப்படையாகவே சொல்லலாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது டோங்கா கல்வியாளர் கோனாய் ஹேலு தாமன் முன்வைத்த ககாலா என்ற ஆய்வு முறை. ககாலா என்றால் வாசனைப் பூமாலை. பூப்பறிப்பது, தொடுப்பது, கடைசியில் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவது என்று மூன்று கட்டம் (பிறகு வந்தவர்கள் இன்னும் சிலவற்றைச் சேர்த்தார்கள்). பூ கட்டிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எது வரலாம் என்பதற்கு அங்கே வரிசை உண்டு, ஹெய்லாலா பூவுக்குத்தான் முதல் மரியாதை. முக்கியம் அந்த மூன்றாவது கட்டம்தான்: கட்டியவர் மாலையைத் தானே வைத்துக்கொள்வதில்லை. உங்கள் ஆய்வேடு யார் கழுத்துக்குப் போகப்போகிறது?

இன்னொன்று, குழுவாக உட்காரவைக்கும் எண்ணம் இருந்தால் அண்ணன் தங்கையை ஒரே குழுவில் போடாதீர்கள். அவர்களுக்குள் மரியாதைக் கட்டுப்பாடு அதிகம், உடம்பு சமாச்சாரம் எதுவும் வாயில் வராது. அப்பாவின் சகோதரிக்கு, அதாவது அத்தைக்கு, குடும்பத்தில் பெரிய இடம். அவர் அறையில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே மற்றவர்கள் பேச்சு மாறும்.

சுவாவாசி:
ஃபிஜி கிராமங்களில் சில வருடம் வேலை பார்த்தவன். அங்கே கேள்விக்கு முன்னால் செவுசெவு. யங்கோனா (கவா பானம் செய்யும் செடி) வேர்க்கட்டு ஒன்றைக் கொண்டுபோய் ஊர்ப் பெரியவர் முன்னால் வைக்கவேண்டும், நம் சார்பில் ஒருவர் பேசுவார், அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஊருக்குள் நமக்கு இடம். தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். முதல் தடவை இது தெரியாமல் நேராக ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன், யாரும் திட்டவில்லை, நன்றாகச் சிரித்துப் பேசினார்கள், ஆனால் அந்த ஊரில் எனக்கு உருப்படியாக ஒரு வரி கிடைக்கவில்லை. ஃபிஜி ஆய்வாளர் உனைசி நம்போம்போ-பாபா தன் சொந்த வுங்கலேய் மக்களிடம் ஆய்வு செய்தபோதும் இந்த முறைகளை விடவில்லை. அவருடைய வனுவா (நிலமும் அதன் மக்களும்) முறையில் விடைபெறுவதும், திரும்பி வந்து முடிவைச் சொல்வதும் ஆய்வின் பகுதிகள். நாமும் "போறேன்" என்று சொல்லாமல் "வர்றேன்" என்றுதானே கிளம்புகிறோம். நம் ஆட்களில் பலர் டேட்டா கிடைத்ததும் போய்விடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. செவுசெவு ஃபிஜியுடையது, அதைத் தூக்கிக்கொண்டு டோங்கா வீட்டுக்குப் போகாதீர்கள். 'பசிபிக்' என்று ஒரே சொல்லில் அடைத்தாலும் சமோவா வேறு, நியுவே வேறு, குக் தீவுகள் வேறு.

கறார்க்கண்ணன்:
எல்லாம் சரி, ஆனால் நடைமுறையில் பாதிப் பேர் பழைய குழுப் பேட்டியையே நடத்திவிட்டு ஆய்வேட்டில் 'தலனோவா' என்று பெயர் மாற்றிவிடுகிறார்கள். இதைக் கேட்டவருக்கும் அந்த ஆபத்து உண்டு. சாப்பாட்டுக்கு உட்கார்ந்து உறவு கொண்டாடுவது வாயைத் திறக்கவைக்கும் தந்திரமாக இருந்தால் அது கேள்வித்தாளைவிட மோசம், கேள்வித்தாளாவது தன்னை மறைத்துக்கொள்வதில்லை. ஆறு மாதப் படிப்பில் உறவு வளராது என்றால் அதை ஆய்வேட்டில் நேர்மையாக எழுதுங்கள், 20 வீடு என்று திட்டமிட்டிருந்தால் 5 ஆக்குங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று தடவை போங்கள். நெறிமுறைக் குழுவிடம் வாய்மொழி ஒப்புதலுக்கும் இப்போதே கேட்டுவிடுங்கள், பிறகு மாற்றுவது தலைவலி.

நெய்தல்82:
கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த அம்மா கிளம்பும்போது "ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வா" என்றார், நான் சும்மா மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த வாரம் போகிறேன், ரெக்கார்டர் இல்லாமல். சைவம் என்பதால் சாப்பாட்டு விஷயம்தான் பயம்.

தாழை:
முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேம்பங்கிழங்கு எப்படியும் இருக்கும், அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள்.