அம்மம்மாவுக்கு விஆர் போட்டால் தலைச்சுற்று: எங்கே பிழை விடுகிறேன்?

உப்புவெளிப் பேத்தி:
அம்மம்மாவுக்கு 78 வயது. ஒரு வருடமாக மறதி கூடிக்கொண்டு வருகிறது. காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்கிறார். மறதி நோயின் ஆரம்ப நிலை என்று டொக்டர் சொன்னார். முழங்கால் வலியால் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு ஏறி மூன்று வருடம். மாமா விட்டுப்போன குவெஸ்ட் 2 ஹெட்செட் (கண்ணில் மாட்டி, அந்த இடத்திலேயே இருப்பதுபோல் படம் பார்க்கும் விஆர் கருவி) வீட்டில் இருக்கிறது. சுற்றிவர எல்லாப் பக்கமும் எடுக்கும் 360 பாகைக் கமராவை இரவல் வாங்கி, பிரெட்ரிக் கோட்டை வாசலில் இருந்து கோயில் இருக்கும் சுவாமி மலை வரை நடந்தபடியே படம் எடுத்தேன். கோயிலுக்கு உள்ளே எடுக்கவில்லை.

மான்களைக் கண்டதும் சிரித்தார். அடுத்த நிமிடமே கதிரைக் கையை இறுக்கிப் பிடித்து, "பிள்ளை, கழற்று, சத்தி வருது" என்றார். இரண்டு நாளும் இதே கதை. கண்ணாடியோடு மாட்டியும் படம் மங்கல் என்கிறார். கோபுரம் தெரிந்ததும் கும்பிடக் கையைக் குவித்தவர், தன் கையையே காணாமல் பதறிவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தொடரலாமா? மறதிக்கு உதவுமா?

முக்காலி:
தங்கச்சி, நடந்தபடி எடுத்ததுதான் பிழை. கண் "போகிறோம்" என்கிறது, உள்காது "இருக்கிறோம்" என்கிறது. அந்த முரண்தான் தலைச்சுற்று. கமராவை முக்காலியில், இருப்பவரின் கண் உயரத்தில் வையுங்கள். நாலடி அளவு போதும். ஓரிடத்தில் 2 நிமிடம் அசைக்காமல் எடுத்து, அப்புறம் அடுத்த இடம்.

மங்கலுக்கு: குவெஸ்ட் 2இல் லென்ஸ் இடைவெளி 58, 63, 68 மி.மீ. என மூன்று நிலை. லென்ஸைக் கையால் நகர்த்தி மூன்றையும் பாருங்கள். ஹெட்செட் மூக்குப் பக்கம் இறங்கினாலும் மங்கும், சற்று மேலே தூக்கி மாட்டுங்கள். படத்தைச் செய்திச் செயலியில் அனுப்பினால் சுருங்கிவிடும், கேபிளில் ஏற்றுங்கள். 5.7கே (குறுக்கே ஏறத்தாழ 5,700 புள்ளி) படம் என்றாலும் அது சுற்றிவரப் பரந்தது. பார்க்கும் பக்கத்துக்குக் கால்பங்குதான் வரும். அதனால் கமராவின் உச்ச அளவிலேயே எடுங்கள்.

மூதூர்த் தாதி:
கைபிடி உள்ள, சுழலாத கதிரை. முதல் நாள் 3 நிமிடம் போதும். வியர்வை, கொட்டாவி கண்டால் உடனே கழற்றுங்கள். கழற்றிய கையோடு எழும்ப விடாதீர்கள், விழுந்தால் இடுப்பு போய்விடும். வலிப்போ பழைய தலைச்சுற்றோ இருந்தால் டொக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். "உங்கள் கை தெரியாது, நான் பிடித்திருக்கிறேன்" என்று முன்னமே சொல்லி, பார்த்து முடியும்வரை பிடித்திருங்கள்.

உதவுமா என்றால், இலேசான மறதி உள்ளவர்களிடம் நினைவு, கவனம் கொஞ்சம் கூடியதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. நோயை நிறுத்தும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். பார்த்த பிறகு கதைப்பதுதான் பெரிது. "இது எந்த இடம், சொல்லுங்கோ" என்று சோதிக்க வேண்டாம், "இந்த வழியால் யாரோடு வந்தீங்கள்?" என்று கேளுங்கள்.

காதையும் கண்ணையும் பார்த்தீர்களா? லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் சொன்ன, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் காது கேட்கும் திறன் குறைவும் கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவும் இருக்கின்றன. திரும்பத் திரும்பக் கேட்பதற்கு, பதில் காதில் விழாததும் காரணமாக இருக்கலாம்.

உப்புவெளிப் பேத்தி:
மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். முக்காலியில் எடுத்தேன், 5 நிமிடம் சுகமாக இருந்தார். லென்ஸை மாற்றியும் வலது கண் மங்கலாகவே இருந்ததால் கண் கிளினிக்குக் கொண்டுபோனோம். கண்புரை. சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்துவிட்டது. உங்கள் இருவருக்கும் கோடி நன்றி.

கோட்டை வாசலைப் பார்த்தபடி, சாம்பல்தீவில் இருந்து தகப்பனோடு மாட்டுவண்டியில் வந்த கதை சொன்னார். அம்மாவே கேட்டிராத கதை. இப்போது கன்னியா வெந்நீர்க் கிணறு வேண்டுமாம். "ஏழு கிணற்றுச் சூட்டையும் எப்படிக் காட்டுவாய்?" என்கிறார்.

மூதூர்த் தாதி:
படம் ஓடும்போது இளஞ்சூட்டுத் தண்ணீரைச் சட்டியில் மடியில் வைத்து, அவருடைய கையை மெல்ல அதற்குள் விடுங்கள். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள்.