செந்தில் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்?

கேள்வி (குன்னூர்):
எங்கள் எஸ்டேட் குடியிருப்பில் பொங்கல் விழாவுக்காக இருவர் நடிக்கும் நகைச்சுவை நாடகம் ஒன்றை ஒத்திகை பார்த்து வருகிறோம். அதட்டுகிறவரையும் அடி வாங்குகிறவரையும் இடம் மாற்றிப் பார்த்தபோது, வசனத்தில் ஒரு சொல்கூட மாறாமலேயே காட்சி வெறும் சண்டையாகிவிட்டது. அப்படியானால், ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984), ‘கரகாட்டக்காரன்’ (1989) ஆகிய படங்களில் அதட்டுகிற கவுண்டமணிக்கு எதிரே அடி வாங்குகிற செந்தில் அல்லாமல் வேறொருவர் நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்?

பதில் 1 (கோத்தகிரி):
ஐயா, அந்த இணை நிலைத்திருக்காது என்றே கருதுகிறேன். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் பெட்ரோமாக்ஸ் விளக்குக் காட்சியைப் பாருங்கள். இது எப்படி எரியும் என்று கேட்டுக்கொண்டே செந்தில் மேன்டிலை (விளக்கில் ஒளிரும் வலைத்திரியை) தொட்டு நொறுக்கும்போது, அவர் முகத்தில் குறும்பும் இல்லை, அச்சமும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வந்தவரின் அமைதிதான் இருக்கிறது. ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியிலும் அப்படியே: இரண்டு பழம் வாங்கி வரச் சொன்னால், ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதோடு வந்து நின்று, கையிலிருப்பதுதான் அந்த இன்னொரு பழம் என்று அவர் குரலை உயர்த்தாமல் சொல்லச் சொல்லத்தான் எதிரிலிருப்பவரின் கோபம் ஏறுகிறது. ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் அந்தக் கண்ணில் ஒரு நொடி தெரிந்திருந்தாலும் அது திருட்டாகியிருக்கும், நாம் சிரித்திருக்க மாட்டோம்.

பதில் 2 (கூடலூர்):
கோத்தகிரி நண்பர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். ‘16 வயதினிலே’யில் (1977) கவுண்டமணியே ரஜினிகாந்துக்குப் பக்கத்தில் நின்ற கையாள், ஆகவே அதட்டுவது மட்டும்தான் அவருக்கு வரும் என்று எண்ணிவிடக் கூடாது. ‘நடிகன்’ (1990) படத்தில் சத்யராஜும் அவரும் ஒருவர் காலை ஒருவர் வாருகிறார்கள். அங்கே அடிப்பதற்கு யாருமில்லை, வேகம் மட்டுமே இருக்கிறது, அதுவும் வென்றது. ஆனால் ‘என் ராசாவின் மனசிலே’யில் (1991) கவுண்டமணியிடம் அடி வாங்குபவர் வடிவேலு. வடிவேலுவின் உடம்பு வலியை நமக்குச் சொல்லிவிடுகிறது; பின்னாளில் அவருடைய பெரும் வலிமையாக வளர்ந்ததும் அதுதான். செந்திலோ அடுத்த காட்சியிலேயே பழைய தெம்புடன் புதிய கேள்வியோடு வந்து நிற்பார். அவருக்குப் பதில் வடிவேலு நிரந்தரமாக நின்றிருந்தால், மக்களின் பரிவு முழுவதும் அவர் பக்கம் சாய்ந்து, கவுண்டமணி கொடியவராகத் தெரிந்திருப்பார். இணை இருந்திருக்கும், ஆனால் அதன் நாயகன் மாறியிருப்பார்.

பதில் 3 (உதகை):
இணை என்றாலே திரையில் தெரியும் இருவரை மட்டுமே எண்ணுகிறோம். கேள்வியில் சொன்ன இரு படங்களின் நகைச்சுவைப் பகுதிகளையும் எழுதியவர் ஏ.வீரப்பன், அவரே நகைச்சுவை நடிகர் என்பதால், யார் எப்போது மௌனமாக நிற்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார். அவர் இல்லாதிருந்தால், அதே இருவர் இருந்தும் வெறும் வசவும் உதையுமே எஞ்சியிருக்கும்.

கேட்டவர் (குன்னூர்):
மூவருக்கும் நன்றி. எங்கள் பையன் அடி விழுமுன்பே தோளைக் குறுக்கிக்கொள்கிறான்; சிரிப்பு அங்கேதான் அறுந்துபோகிறது என்பது இப்போது புரிகிறது. பழையபடியே இருவரையும் நிறுத்தி, கேள்விகளை மட்டும் இன்னும் மெதுவாகக் கேட்கச் சொல்லிப் பார்க்கிறேன்.